பெயர் மாற்றம்: கெஜட்டில் தொடங்கி பட்டா வரைக்கும், கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கம்மாவுக்கு மூன்று பெயர். வீட்டில் பாப்பாத்தி. அஞ்சாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்து டி.சி.யில் பழனாத்தாள். ரேஷன் கார்டில் பாப்பாயம்மாள். அப்பா இருந்தவரைக்கும் இது யாருக்கும் ஒரு பிரச்சனையாகவே படவில்லை. அவர் போன பிறகு ஒரு பேங்கில் டெபாசிட் பணத்தை வாங்கப் போனோம். கவுண்டரில் இருந்தவர் பாஸ்புக்கில் நாமினி பெயருக்குக் கீழே ஒரு ஸ்கேலை வைத்து, பக்கத்தில் ஆதாரை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளுங்களே" என்றார். அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கெஜட்டில், அதாவது அரசிதழில், போடுவது இதில் சின்ன வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அலுவலகத்துப் பதிவேடும் ஒரே பெயரைச் சொல்ல வைப்பதுதான் பெரிய வேலை. எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது என்ற வரிசை தப்பினால், கட்டின கட்டணத்தையே மறுபடியும் கட்ட வேண்டி வரும்.

நம்ம பக்கத்தில் இது ஏன் இவ்வளவு சிக்கலாகிறது

கொங்குப் பக்கத்தில் மூத்த பேரனுக்கு அப்பாரு (அப்பாவின் அப்பா) பெயரை வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதில் இருந்து வந்ததுதான். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார். அதனால் பதிவேட்டில் ஒரு பெயர், கூப்பிட இன்னொரு பெயர். வீட்டுப் பெயரே நாளடைவில் ஊருக்கும் தெரிந்த பெயராகி, கணக்கெடுக்க வருகிறவர் கேட்கும்போது திண்ணையில் இருப்பவர் அதையே சொல்லி, அதுவே ஓட்டர் லிஸ்டில் ஏறிவிடும்.

அப்புறம் ஆங்கில எழுத்து. பழனிசாமி என்ற ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சாமியை எஸ் போட்டு எழுதுகிறவர்கள், எஸ்-டபிள்யூ போட்டு ஸ்வாமி ஆக்குகிறவர்கள், சி-எச் போட்டுச் சாமி ஆக்குகிறவர்கள், கடைசியில் ஐ போடுகிறவர்கள், ஒய் போடுகிறவர்கள். தமிழில் படித்தால் எல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் தனி ஆள். இதுபோக பழைய கிரயப் பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும், ஆதாரில் இருக்காது.

முதல் வேலை: இது திருத்தமா, மாற்றமா?

இதை முடிவு செய்யாமல் யாரும் கெஜட் பக்கம் போக வேண்டாம். ஓர் ஆவணத்தில் மட்டும் ஓர் எழுத்து தப்பி, மற்ற எல்லாவற்றிலும் சரியாக இருந்தால், அது திருத்தம். அந்த அலுவலகத்தில் மட்டும் சரியான ஆவணத்தைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். இனிஷியலை விரித்து எழுதுவது, கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பெயரைச் சேர்ப்பது இவற்றுக்கும் பெரும்பாலான இடங்களில் வேறு ஆவணங்களே போதும், திருமணப் பதிவுச் சான்று மாதிரி. தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும், ஆகவே அந்தச் சான்று கையில் இருக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கல்யாணமானால் பெண் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பா இனிஷியலோடு படித்து, அதே பெயரில் பான் கார்டு, பி.எஃப். எல்லாம் வைத்திருக்கிற பெண்ணுக்கு மாற்றச் சொல்லி மாமனார் வீட்டில் சொன்னால், அதனால் எத்தனை ஆவணம் மாற்ற வேண்டி வரும் என்பதை உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். என் தங்கச்சிக்கு நாங்கள் மாற்றவில்லை. இன்றுவரைக்கும் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

பெயரே வேறாகிறது, அல்லது ஏற்கனவே இரண்டு மூன்று பெயர்கள் ஆவணங்களில் ஓடுகின்றன என்றால்தான் கெஜட். நம் நாட்டில் பெயரை மாற்றிக்கொள்வதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. நீங்கள் மாற்றிக்கொண்டீர்கள் என்பதை ஊரறிய அரசிதழில் அறிவிக்கிறீர்கள், மற்ற அலுவலகங்கள் அதை ஆதாரமாக ஏற்கின்றன, அவ்வளவுதான். நோட்டரியிடம் போட்ட அபிடவிட் மட்டும் போதும் என்று சொல்லும் ஏஜென்ட்களை நம்ப வேண்டாம். அபிடவிட்டை வைத்து ஏதோ ஓர் இடத்தில் வேலை முடியும், அடுத்த இடத்தில் கெஜட் எங்கே என்று கேட்பார்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

இருக்கிற எல்லா ஆவணங்களையும் பாயில் பரப்பி வையுங்கள். பிறப்புச் சான்று, டி.சி., பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பான், ஓட்டர் ஐடி, ரேஷன் கார்டு, லைசென்ஸ், பாஸ்புக், பாஸ்போர்ட், பி.எஃப். கணக்கு, எல்.ஐ.சி. பாலிசி, பட்டா, கிரயப் பத்திரம், சாதிச் சான்று. ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக எப்படி, இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா பெயர் எப்படி, பிறந்த தேதி என்ன என்று எழுதுங்கள். எங்கம்மாவுக்கு இதைச் செய்தபோதுதான் ஓர் இடத்தில் பிறந்த வருஷமே வேறாக இருந்தது தெரிந்தது. கெஜட்டுக்கு அனுப்பிய பிறகு தெரிந்திருந்தால் பெரிய தலைவலி.

புதுப் பெயரை எழுத்து எழுத்தாக முடிவு செய்யுங்கள்

தமிழில் ஒரு வடிவம், ஆங்கிலத்தில் ஒரு வடிவம், இனிஷியல் எந்தப் பக்கம் என்பது, எல்லாவற்றையும் தாளில் எழுதி வீட்டில் நாலு பேரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பது விதி. ஒரு தடவை எழுத்துப்பிழைக்கே செலவாகியிருக்கலாம், அதனால் இந்த முறை தப்பக் கூடாது.

எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு ஏ-வைக் கூட்டச் சொல்கிறவர்கள் கோவை, திருப்பூர்ப் பக்கம் நிறைய. நம்பிக்கை உங்கள் விருப்பம். ஆனால் அந்தக் கூடுதல் எழுத்தை எல்லா ஆவணத்திலும் ஏற்ற நீங்கள் தயாரா என்று முதலில் பாருங்கள். விசிட்டிங் கார்டில் மட்டும் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் இருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாக்களை ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டது. துபாய்க்கு டிக்கெட் போட்ட பிறகு இது தெரிந்து தவித்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. ஆகவே அப்பா பெயரை முழுசாக விரித்து எங்கே வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

கெஜட் விண்ணப்பம்

தமிழ்நாட்டில் இதைச் செய்வது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. சென்னை அண்ணா சாலையில் 110-ம் எண் கட்டடத்தில் இருக்கிறது. படிவத்தைத் துறையின் இணையதளத்தில் இருந்து இறக்கிக்கொள்ளலாம், கட்டணமும் கட்டும் முறையும் அங்கேயே இருக்கும். பழைய ஜெராக்ஸ் படிவத்தைத் தாலுகா ஆபீஸ் வாசல் கடையில் வாங்கி நிரப்ப வேண்டாம், கட்டணம் மாறியிருந்தால் திரும்பி வந்துவிடும்.

பழைய பெயர், புதுப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, மாற்றுவதற்கான காரணம், இவைதான் படிவத்தில் முக்கியமானவை. காரணத்தை ஒரு வரியில் உள்ளபடி எழுதுங்கள். "ஆவணங்களில் வெவ்வேறு பெயர்கள் உள்ளதால்" என்பது நல்ல காரணம்தான். பழைய பெயருக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்று அல்லது டி.சி., மார்க் ஷீட் நகல். போட்டோவிலும் நகல்களிலும் படிவம் சொல்கிற அதிகாரி அல்லது நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் அங்கேயே நின்று மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும். விவாகரத்துக்குப் பின் மாற்றுகிறவர்கள் தீர்ப்பு நகல், தத்து என்றால் தத்து ஆவணம் என்று சூழ்நிலைக்கேற்ற காகிதமும் சேரும். திருநங்கை, திருநம்பியாக இருப்பவர்கள் 2019-ம் வருஷச் சட்டத்தின்கீழ் கலெக்டர் வழியாக வாங்கும் அடையாளச் சான்றிதழில் இருந்து தொடங்குவது நல்லது, மற்ற ஆவணங்களுக்கு அதுதான் அடிப்படை.

தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் முழுக் கட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

வெளியானதும் செய்ய வேண்டியது

தனிநபர் அறிவிப்புகள் வருவது அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில். இன்னாருடைய மகன் அல்லது மகள், இந்தத் தேதியில் பிறந்தவர், சொந்த மாவட்டம் ஈரோடு, இன்ன முகவரியில் குடியிருப்பவர், இனிமேல் இப்படி அழைக்கப்படுவேன் என்று நாலு வரி இருக்கும். கீழே ஊர், தேதி, பழைய பெயர். அந்த நாலு வரியை எழுத்தெண்ணிப் படியுங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே துறைக்கு எழுதுங்கள். பிழையான பக்கத்தை வைத்துக்கொண்டு ஆதாரை மாற்றிவிட்டால் அப்புறம் இரண்டையும் திருத்த வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் அப்படியே அச்சாகி, இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கிறது. அடிக்கிற கணவனிடம் இருந்து தப்பி வேறு ஊரில் பெயர் மாற்றி வாழ நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு ஆபத்து! அரசிதழில் அறிவிப்பது என்பது செய்தி பரவ வேறு வழி இல்லாத காலத்தில் வந்த முறை. பெயர் மாறியதை உறுதி செய்ய ஓர் எண்ணும் ஒரு தேதியும் போதுமே, கதவு எண் எதற்கு?

இனி வரிசை

முதலில் ஆதார். கெஜட் நகலும், பழைய பெயரில் உள்ள ஓர் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். ஆபரேட்டர் தட்டச்சு செய்து முடித்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, தமிழ், ஆங்கிலம் இரண்டையும் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததைத் தமிழுக்கு அதுவாக மாற்றும்போது ல, ள, ழ எல்லாம் இடம் மாறிவிடும். பழனாத்தாள் பலனாத்தால் ஆகி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆதார் வந்ததும் பான். அது முடிந்ததும் பேங்க். பானும் ஆதாரும் பொருந்தாமல் பேங்கில் கே.ஒய்.சி. கொடுத்தால் அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஓட்டர் ஐடிக்குப் படிவம் 8, ஆன்லைனிலேயே போடலாம். ரேஷன் கார்டையும் ஆன்லைனில் மாற்றலாம், அல்லது இ-சேவை மையம். லைசென்ஸ், எல்.ஐ.சி., கேஸ் இணைப்பு இவையெல்லாம் ஆதாரும் கெஜட்டும் இருந்தால் சிரமமில்லை. பாஸ்போர்ட்டை இவற்றுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், கோவை அலுவலகத்துக்குப் போகும்போது கையில் இருக்கிற எல்லாமே ஒரே பெயரில் இருந்தால் கேள்வியே வராது.

பி.எஃப். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு அடி விழுவதே இங்கேதான். சேரும்போது சூப்பர்வைசர் கேட்டதற்குச் சொன்ன வீட்டுப் பெயர் யு.ஏ.என்.-இல் (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) ஏறியிருக்கும். மூன்று கம்பெனி மாறியிருந்தால் மூன்று எழுத்துக்கூட்டல். பணம் எடுக்கப் போகும்போது ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று நின்றுவிடும். 2017 அக்டோபர் 1-க்கு அப்புறம் ஆதாரை வைத்துக் கொடுத்த யு.ஏ.என். என்றால், 2025 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நீங்களே தளத்தில் திருத்தலாம், கம்பெனி ஒப்புதல் வேண்டியதில்லை. அதற்கு முந்தையது என்றால் பழைய முதலாளி உதவி வேண்டியிருக்கும். கம்பெனி மூடிவிட்டால் சிரமம் பல மடங்கு, ஆகவே வேலையில் இருக்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு

பிறப்புப் பதிவில் பெயர் இல்லாமல் விட்டிருந்தால், பிறந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சீர் செய்து பெயர் வைத்த கையோடு இதை முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் 2023 அக்டோபர் 1-ல் இருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி சேர்க்கை, லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், ஆதார் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம். ஏற்கனவே பதிந்த பெயரில் பிழை என்றால் 1969-ம் வருஷப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ம் பிரிவின்கீழ் திருத்தலாம். அதில் பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தத்தைக் குறிப்பார்கள்.

பள்ளிப் பதிவேட்டில் மாற்றுவதாக இருந்தால் பத்தாவதுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன் பள்ளியில் கையெழுத்துக்குக் கொடுக்கும் தாளை அவசரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மார்க் ஷீட் வந்த பிறகு பெயர் மாற்றினால், மார்க் ஷீட்டோடு கெஜட்டையும் சேர்த்துக் காட்டித்தான் காலம் தள்ள வேண்டியிருக்கும். சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. 2021 ஜூன் 3 அன்று சுப்ரீம் கோர்ட், தன் பெயரைத் தீர்மானிப்பது ஒருவரின் உரிமை, சான்றிதழில் மாற்றம் கேட்டு வருகிறவர்களை அடியோடு மறுக்கக் கூடாது என்று சொன்னது.

மாராத்தாள், ராக்கியாத்தாள் என்று அமுச்சி பெயரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகும் பெண்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை மாற்றச் சொல்லிக் கேட்டால் அதைப் பாட்டியை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயரோடு வாழப்போவது பிள்ளைதான். அதேபோல, அந்தப் பெயரைப் பெருமையாக வைத்துக்கொள்ள நினைக்கிற பிள்ளையை யாரும் மாற்றச் சொல்லவும் கூடாது.

நிலம்

பழைய கிரயப் பத்திரத்தில் பெயரை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. நம் பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக வைத்திருக்கிற ஒரு சொல் இருக்கிறது: என்கிற. "பாப்பாத்தி என்கிற பழனாத்தாள்" என்று அடுத்த பத்திரத்தில் எழுதி, கெஜட் விவரத்தையும் உள்ளே குறிப்பிட்டுவிட்டால் இரண்டு பெயரும் ஓர் ஆள்தான் என்பது பதிவாகிவிடும். பட்டாவில் பெயர் திருத்தத்துக்குத் தாலுகா அலுவலகம், முன்னதாக வி.ஏ.ஓ.விடம் பேசிவிடுங்கள். வாரிசுச் சான்று வாங்கும்போது குடும்பத்தில் உள்ள எல்லாருடைய பெயரும் ஆதாரில் உள்ளபடியே வர வேண்டும். துக்கத்தில் இருக்கும்போது யாரோ எழுதிக் கொடுத்ததை அப்படியே விட்டதால்தான் எங்களுக்கு இத்தனை அலைச்சல்.

எப்படி இருக்க வேண்டும்

எங்கம்மாவுக்காக நான் கெஜட் நகலைக் கொடுத்த இடங்கள் பதினொன்று. எல்லா இடத்திலும் அதே பக்கம், அதே ஜெராக்ஸ், அதே கையெழுத்து. ஸ்வீடனில் 2017 ஜூலையில் இருந்து பெயர் மாற்ற விண்ணப்பம் நேராக வரித்துறைக்குப் போகிறது. மக்கள் பதிவேடும் அதே துறையிடம் இருப்பதால், அங்கே மாறியதும் மற்ற அரசு அலுவலகங்களுக்குத் தகவல் போய்விடுகிறது. நம்மிடமும் ஆதார் இருக்கிறது, டிஜிலாக்கர் இருக்கிறது, வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. கெஜட் அறிவிப்புக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத் தட்டினால் பேங்கும் தாலுகா ஆபீஸும் பி.எஃப். ஆபீஸும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளும்படி செய்தாலே பாதி அலைச்சல் தீரும். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் தனியாக இருக்கிற அறுபத்தெட்டு வயது அம்மா, மூட்டுவலியோடு பஸ் ஏறிப் பதினொரு கவுண்டரில் நிற்கத் தேவையில்லை.

அதுவரைக்கும், எல்லாம் முடிந்த பிறகும் பழைய அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அவற்றையும், கெஜட்டின் மூலப் பிரதியையும், நீங்கள் போட்ட நோட்டையும் ஒரே கவரில் வைத்து, அது பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்காவது சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அது பத்திரம் இருக்கிற தகரப் பெட்டியில் மேலாக இருக்கிறது. கவர் மேல் அம்மாவே பேனா வாங்கிப் புதுப் பெயரை எழுதினார்.